சேகோ பேக்டரி திப்பியில லாக்டிக் ஆசிட் எடுக்கறது வேலைக்கு ஆகுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

திப்பித்தம்பி | செவ்வாய், இரவு 9:12

வணக்கம்ங்க, எனக்கு ராசிபுரம் பக்கம். எங்கப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து சின்னதா ஒரு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி ஓட்டறாங்க, நான் பயோடெக் கடைசி வருசம். சீசன்ல குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைச்சு பால் எடுத்தது போக சல்லடையில நிக்கற திப்பி மலை மாதிரி குவிஞ்சிரும், ஈரத்தோட கிடந்தா ரெண்டாம் நாளே புளிச்ச வாடை ஊருக்கே அடிக்கும், மழை வந்துட்டா களத்துல காயவும் வைக்க முடியாது. தானா புளிக்கறத நாம ஒழுங்கா புளிக்க வெச்சா லாக்டிக் ஆசிட் ஆகும்ல, அத வெச்சுத்தான பிஎல்ஏ பிளாஸ்டிக் பண்றாங்கன்னு தோணுச்சு, பைனல் இயர் ப்ராஜெக்டும் ஆச்சுன்னு ஆரம்பிச்சிட்டேன்.

இதுவரைக்கும் பண்ணது: காய்ஞ்ச திப்பி 150 கிராம், தண்ணி சேர்த்து 1 லிட்டர். கஞ்சி மாதிரி காய்ச்சி, ஈரோட்டுல துணிக்கு கஞ்சி எடுக்கற டீசைஸிங் என்சைம் வாங்கி ஊத்துனேன் (அதுவும் ஸ்டார்ச்ச உடைக்கற ஆல்பா அமைலேஸ்தான்), அப்புறம் அத குளுக்கோஸாக்க காலேஜ்ல இருந்த குளுக்கோஅமைலேஸ். ஆறவெச்சு லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் பாக்டீரியா கல்ச்சர் போட்டு 37 டிகிரியில மூணு நாள். பிஹெச் இறங்க இறங்க சுண்ணாம்பு போட்டு 5.8-ல நிறுத்துனேன். கடைசில வடிகட்டி காஸ்டிக் சோடா வெச்சு டைட்ரேஷன் பண்ணா ஆசிட் 0.1 சதவீதம் கூட வரலைங்க. மூணு தடவை பண்ணிட்டேன். எங்க தப்பு?


இட்லிகுண்டான் | செவ்வாய், இரவு 9:40

தம்பி, எங்க வீட்டு இட்லி மாவு ஒரு கரண்டி கடன் தரேன், வெயில் காலத்துல ஆறு மணி நேரத்துல குண்டான் மூடியவே தூக்கும். அத ஊத்தி பாரு 😀


லேப்அக்கா | செவ்வாய், இரவு 10:25

இட்லிகுண்டான் சார், சிரிக்கறதுக்கு சொன்னாலும் அதுல ஒரு விஷயம் இருக்கு. மூடிய தூக்கறதுதான் பிரச்சனையே. இட்லி மாவுல முக்கியமான ஆள் லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ், அது சர்க்கரைய முழுசா லாக்டிக்கா மாத்தாது, கொஞ்சத்த கார்பன் டை ஆக்சைடாவும் ஆல்கஹாலாவும் விட்டுரும். அந்த கேஸ்தான் இட்லிய பஞ்சா உப்ப வைக்குது. இட்லிக்கு அது வரம், ஆசிட் எடுக்கறவனுக்கு அத்தனையும் நஷ்டம். நமக்கு வேண்டியது குளுக்கோஸ் ஒண்ணு உள்ள போனா லாக்டிக் ரெண்டா வெளிய வர்ற பாக்டீரியா, கணக்குப்படி 1 கிலோ குளுக்கோஸுக்கு 1 கிலோ ஆசிட். தம்பி போட்ட ரம்னோசஸ் அந்த வகைதான், அதுவும் எல் வடிவம்தான் பண்ணும், நல்ல தேர்வு.

டெல்ப்ரூக்கின்னு ஒண்ணு பாடப் புத்தகம் எல்லாத்துலயும் இருக்கும், அது பெரும்பாலும் டி வடிவம். ரெண்டும் ஒரே பார்முலா, வலது கை இடது கை மாதிரி. ஆனா குழந்தைங்க சாப்பாட்டுல டி சேர்க்கக் கூடாது, பிஎல்ஏவுக்கு ரெண்டும் கலந்துட்டா பிளாஸ்டிக் படிகம் ஆகாம வழவழன்னு நிக்கும். அதனால வேற கல்ச்சர் எதுவும் உள்ள வராம பாத்துக்கோ.

இப்ப உன் டைட்ரேஷன். தம்பி, நீ சுண்ணாம்பு போட்டு 5.8-ல நிறுத்தி இருக்க. லாக்டிக்கோட பிகேஏ (பாதி ஆசிடாவும் பாதி உப்பாவும் நிக்கற பிஹெச்) 3.86. அப்ப 5.8-ல நூத்துல ஒரு பங்குதான் ஆசிடா இருக்கும், மீதி 99-ம் கால்சியம் லாக்டேட் உப்பா போயிருச்சு. காஸ்டிக் சோடா அந்த ஒரு பங்கத்தான் பாக்கும். நீ பண்ணுனது எல்லாமே சரி, அளந்தது மட்டும் தப்பு. ஈடிடிஏ (கால்சியத்த பிடிக்கற கெமிக்கல்) வெச்சு கால்சியம் பாரு, லாக்டிக் அதோடதான ஒட்டி இருக்கு. 0.01 மோலார் ஈடிடிஏ 1 மில்லிக்கு 1.8 மில்லிகிராம் லாக்டிக்னு கணக்கு. முன்னாடி நல்லா வடிகட்டிக்கோ, கரையாத சுண்ணாம்பு கிடந்தா அதையும் ஆசிட்டுன்னு எண்ணிருவ. கல்ச்சர் போடாத திப்பிக்கஞ்சி ஒண்ணு பிளாங்க்கா வை, கிணத்துத் தண்ணியிலயே கால்சியம் இருக்கும்.


திப்பித்தம்பி | புதன், மாலை 6:50

அக்கா!!! பிளாங்க் கழிச்சு லிட்டருக்கு 58 கிராம் வந்திருக்கு. மூணு வாரமா கல்ச்சர் செத்துருச்சுன்னு நெனச்சு புதுசு புதுசா ஊத்திட்டு இருந்தேன். எங்க சார் கூட இத சொல்லல.


பழையபாய்லர் | புதன், இரவு 8:15

நல்லது தம்பி. நான் பெர்மென்டேஷன் பிளான்ட்ல பாய்லர்ல ஆரம்பிச்சு டேங்க் சைட்ல ரிட்டையர் ஆனவன், 26 வருசம். 58 கிராம்னா உன் 150 கிராம்ல ஸ்டார்ச் ஒரு 82 கிராம்னு வெச்சா குளுக்கோஸ் 92 கிராம் ஆச்சு, அதுல 63 சதவீதம் பிடிச்சிருக்க. முதல் தடவைக்கு பாஸ். மீதி எங்க போச்சுன்னா, கல்ச்சருக்கு சாப்பாடு பத்தல. திப்பியில மாவு இருக்கு, நார் இருக்கு, புரதம் சொல்லிக்கற மாதிரி கிடையாது, இந்த லாக்டோபேசில்லஸ் சாதி பெரிய இடத்துப் பிள்ளைங்க மாதிரி, பி வைட்டமின், அமினோ ஆசிட் எல்லாம் தட்டுல வெச்சுக் குடுக்கணும். லேப்ல ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் ஸ்பூன் ஸ்பூனா போட்டு பேப்பர் எழுதிருவாங்க, பிளான்ட்ல அத போட்டா ஆசிட் விலைய அதுவே தின்னுரும். கடலைப் புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி, தவிட்டுத் தண்ணி, கார்ன் ஸ்டீப் லிக்கர் (மக்காச்சோளம் ஊறவெச்ச தண்ணி), இந்த மாதிரி பாரு.

சுண்ணாம்ப ஒரேடியா கொட்டாத. ஒரு கை போட்டா பிஹெச் 9-க்கு போய் அந்த இடத்துல இருக்கற கல்ச்சர் வெந்துரும். சாக் பவுடர்னா மெதுவா வேலை செய்யும், ஆனா நுரைச்சுக்கிட்டு பொங்கும், பாத்திரத்துல பாதி காலியா இருக்கணும்.


காவிரிகடைமடை | புதன், இரவு 10:02

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எங்க ஊர்ல அறுவடை முடிஞ்சா வைக்கோல் கட்டு கட்டுறதுக்கே கூலி கட்டுபடி ஆகறதில்ல. வைக்கோல்ல இருந்து இந்த ஆசிட் எடுக்க முடியாதா? கரும்புச் சக்கை, பருத்திமாறு, இதெல்லாம் கூட இருக்கே, ஏன் எல்லாரும் கிழங்கையே புடிச்சுக்கிட்டு இருக்கீங்க?


லேப்அக்கா | புதன், இரவு 11:10

முடியும் சார், ஆனா திப்பி அளவுக்கு சுலபம் இல்ல. திப்பியில பாதிக்கு மேல ஸ்டார்ச், காய்ச்சினாலே கரைஞ்சு வரும். வைக்கோல்ல சர்க்கரை செல்லுலோஸா, ஹெமிசெல்லுலோஸா இருக்கு, அதச் சுத்தி லிக்னின் பூசி வெச்சிருக்கு, நெல் வைக்கோல்னா மணல் மாதிரி சிலிக்கா வேற. முதல்ல ஆசிட்லயோ காஸ்டிக்லயோ நீராவியிலயோ அத உடைக்கணும். சூடும் ஆசிடும் கொஞ்சம் ஓவரானா சர்க்கரையே கருகி பர்பியூரல் ஆயிரும், ஆட்டோகிளேவ் (லேப் பிரஷர் குக்கர்) திறந்தா பாதாம் மாதிரி ஒரு வாசனை வரும், நல்லா இருக்கேன்னு மோந்து பாத்தா போச்சு, கல்ச்சருக்கு அது விஷம். அப்புறம் செல்லுலேஸ் என்சைம், அது டீசைஸிங் என்சைம் மாதிரி சல்லிசா கிடைக்காது.

அதுக்கும் அப்புறம் ஒரு சிக்கல். ஹெமிசெல்லுலோஸ்ல இருந்து வர்றது சைலோஸ், அஞ்சு கார்பன் சர்க்கரை. நிறைய லாக்டோபேசில்லஸ் அத தொடவே தொடாது, தொடறதும் 150 கிராம் சைலோஸ்ல 90 லாக்டிக், 60 அசெட்டிக்னு உடைச்சு வைக்கும், அதாவது கூடவே வினிகர். பேசில்லஸ் கோயாகுலன்ஸ்னு ஒண்ணு இருக்கு (பேர இப்ப ஹெய்ன்ட்ரிக்ஸியான்னு மாத்திட்டாங்க, எனக்கு வாயில நுழையல), அது 50 டிகிரிக்கு மேலயும் வளரும், சைலோஸையும் எல் லாக்டிக்கா மாத்தும், செல்லுலேஸுக்கும் அதே 50 டிகிரிதான் பிடிக்கும், அதனால என்சைமும் கல்ச்சரும் ஒரே டேங்க்ல ஓடும், அந்த சூட்டுல கண்டது கடியதும் உள்ள வளராது. ஆராய்ச்சி பண்றவங்க பாதிப்பேரு இப்ப அது பின்னாடிதான்.

அரியானா பானிபட்ல 2022-ல வைக்கோல்ல இருந்து எத்தனால் எடுக்கற பிளான்ட்ட இந்தியன் ஆயில் ஆரம்பிச்சாங்கல்ல, அங்கயும் முன்பாதி வேலை இதேதான். வைக்கோல உடைக்கறதுலதான் காசும் தலைவலியும்.


சும்மாகேள்வி | வியாழன், காலை 7:30

எல்லாம் சரி, இந்த பிஎல்ஏ கதைய நம்பி இறங்காதீங்க தம்பி. நான் பேக்கேஜிங் லைன்ல இருக்கேன். பிஎல்ஏ கப்புல கொதிக்க கொதிக்க டீ ஊத்தினா 60 டிகிரி கிட்டவே தொள தொளன்னு ஆயிரும். மக்கும்னு எழுதி இருப்பாங்க, ஆனா மக்கணும்னா 58 டிகிரி சூடு வர்ற கம்போஸ்ட் யார்டு வேணும், உங்க வீட்டு குப்பைக்குழியில அப்படியேதான் கிடக்கும். இன்னொன்னு, பெரிய ஆளுங்க யாரு கழிவுல பண்றாங்க? அமெரிக்காவுல நெப்ராஸ்காவுல நேச்சர்வொர்க்ஸ் மக்காச்சோளம். தாய்லாந்துல ரயோங்ல கோர்பியன் கரும்புச் சர்க்கரை. நம்ம நாட்டுல உத்தரப் பிரதேசம் கும்பியில பல்ராம்பூர் சீனி மில் பிஎல்ஏ பிளான்ட் அறிவிச்சாங்க, வருசத்துக்கு 80,000 டன், அதுவும் அவங்க சொந்தச் சர்க்கரை. தாய்லாந்துல மரவள்ளிக்கு பஞ்சமா? அங்கயே திப்பிய விட்டுட்டு சர்க்கரைக்கு போறான்னா காரணம் இல்லாமயா.


பழையபாய்லர் | வியாழன், காலை 9:05

இவர் கேட்டது நியாயமான கேள்வி. காரணம் நான் சொல்றேன். லாக்டிக்க புளிக்க வைக்கறது கஷ்டமே இல்ல, அது இட்லி மாவு வேலை, தம்பி வீட்டு களத்துலயே தானா நடக்குது. அந்த சேத்துத் தண்ணியில இருந்து ஆசிட்ட வெளிய எடுக்கறதுதான் தொழிலே. சாராயம்னா காய்ச்சி வடிச்சிரலாம். லாக்டிக்க அப்படி வடிக்க முடியாது, சூடு பண்ணா ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு கூழாயிரும். அதனால உள்ள என்ன குப்பை போகுதோ அத ஒவ்வொண்ணா நாமதான் கழட்டணும். சுத்தமான சர்க்கரை உள்ள போனா வெளிய வர்ற குப்பை கம்மி. திப்பி போட்டா நாரு, கோந்து, நிறம், மிச்ச சர்க்கரை எல்லாம் கூடவே வரும். சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கின சரக்கு, சுத்தம் பண்ற இடத்துல பத்து மடங்கா வசூல் பண்ணிரும்.

பழைய முறையில கணக்கு போட்டுக் காட்டறேன், தம்பி நோட்டுல எழுதிக்க. காய்ஞ்ச திப்பி 1 டன், ஸ்டார்ச் 55 சதவீதம்னு வை. 550 கிலோ ஸ்டார்ச், தண்ணி ஏறி 610 கிலோ குளுக்கோஸ். நல்லா ஓட்டினா 85 சதவீதம், அப்ப டேங்க்ல லாக்டிக் 520 கிலோ. இத அடக்க சுத்தமான நீர்த்த சுண்ணாம்பு 213 கிலோ. அப்புறம் உப்ப உடைச்சு ஆசிட் ஆக்க சல்பூரிக் 283 கிலோ. இதுல விழுறது ஜிப்சம், 497 கிலோ. புரியுதா, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆசிட்டுக்கு ஒரு கிலோ ஜிப்சம். அதுவும் காய்ஞ்சது, பில்டர்ல இருந்து வர்றப்ப சேறா ரெண்டு மடங்கு கனம். வெள்ளையா காய்ஞ்சு இருந்தா சிமெண்ட்காரன் திரும்பிப் பாப்பான், இது பழுப்பா நாத்தத்தோட இருக்கும். கழுவறது, கரி போடறது, ரெசின்ல விடறது எல்லாத்துலயும் போக 415 கிலோ கைக்கு வந்தா பெரிசு. டேங்க்ல 10 சதவீதம்னா மொத்தத் தண்ணி 5 டன்னுக்கு மேல, அத 88 சதவீதத்துக்கு சுண்டவைக்கணும்னா நாலரை டன் தண்ணிய ஆவியா விரட்டணும். வேக்குவம் இல்லாம நேரா சூடு பண்ணா கருப்பா போயிரும். இதுக்குத்தான் எரோப்ளேன் மாதிரி ஒரு எவாபரேட்டர்.

ஈரத் திப்பியா போட்டா அஞ்சு டன் ஏத்தணும் ஒரு டன் காய்ஞ்சதுக்கு, லாரி வாடகை முக்கால்வாசிக்கு மேல தண்ணிக்கே.

பெரிய கம்பெனிக்காரன் இந்த ஜிப்சத்த ஒழிக்கத்தான் தலைகீழா நின்னான். ஒருத்தன் சுண்ணாம்புக்கு பதிலா மக்னீசியம் போட்டு அதையே திருப்பித் திருப்பி ஓட்டறான், இன்னொருத்தன் மரபணு மாத்தின ஈஸ்ட் வெச்சு புளிப்பு தாங்கற மாதிரி பண்ணி சுண்ணாம்பையே குறைச்சுட்டான். அதெல்லாம் உங்கப்பா பேக்டரியில நடக்காது, வருத்தப்படாத.


தோல்ஷெட்_வாணியம்பாடி | வியாழன், மதியம் 1:20

அண்ணன் சொல்ற 88 சதவீதம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும். எங்களுக்கு அவ்வளவு சுத்தம் வேணாமே. தோல் ஷாப்புல முடி எடுக்க சுண்ணாம்புல ஊறப் போடுவோம், அப்புறம் அந்த சுண்ணாம்ப தோல்ல இருந்து இறக்கணும், டீலைமிங்னு சொல்லுவோம். அதுக்கு லாக்டிக் நல்ல ஆசிட், தோலை சுடாது, கால்சியம் லாக்டேட் கரைஞ்சு தண்ணியோட போயிரும். ஆனா உண்மைய சொல்லணும்ல, ஷாப்புல எல்லாரும் போடறது அமோனியம் சல்பேட், விலை அவ்வளவு கம்மி. அமோனியா வாடையும் தண்ணி சுத்திகரிப்புல அதோட தொல்லையும் இருக்கறதால மாத்து தேடறாங்க, ஆனா விலைய சொன்னதும் பேச்சு நின்னுரும். கலர் கொஞ்சம் பழுப்பா இருந்தா பரவால்ல, இரும்பு மட்டும் இருக்கக் கூடாது, தோல்ல கரும்புள்ளி விழுந்துரும்.


பழையபாய்லர் | வியாழன், மதியம் 2:45

பாய் சொன்னது சரித்திரத்துலயும் நடந்தது. 1881-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒருத்தர் முதல் தடவையா வியாபாரத்துக்குன்னு லாக்டிக் பண்ண ஆரம்பிச்சார், அவர் நெனச்சது பேக்கிங் பவுடருக்கு கால்சியம் லாக்டேட் விக்கலாம்னு. அது போணியாகல. கடைசில வாங்கினது தோல்காரங்களும் துணிக்காரங்களும்தான். இரும்புக்குத்தான் சொல்றேன் தம்பி, சாதா இரும்பு டிரம்ல ஆசிட்ட வெக்காத, ஒரே ராத்திரியில டீ கலர் ஆயிரும்.


திப்பித்தம்பி | ஞாயிறு, இரவு 7:33

பெரிய விபத்துங்க. பழையபாய்லர் ஐயா சொன்ன மாதிரி கடலைப் புண்ணாக்குத் தண்ணி சேர்த்து, திப்பிய மூணு தவணையா போட்டு மொத்தம் 220 கிராம் வரைக்கும் ஏத்துனேன். நேத்து சாயங்காலம் ஈடிடிஏல லிட்டருக்கு 95 கிராம்! சந்தோசத்துல அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி கரண்ட் போயி ஹீட்டர் நின்னுருக்கு. காலையில போயி பாத்தா மொத்தமும் கட்டி. கலக்கற தடி நடுவுல நட்டுக்கிட்டு நிக்குது, பாத்திரத்த கவுத்தாலும் விழல. மேல வெள்ளையா பூ பூவா, பூஞ்சைக் காளான் மாதிரி, ஒடைச்சு பாத்தா உள்ள ஊசி ஊசியா மினுக்குது. கெட்டுப்போச்சாங்க? கொட்டிரட்டுமா?


லேப்அக்கா | ஞாயிறு, இரவு 7:41

கொட்டாத!!! அதுதான் சரக்கு.


பழையபாய்லர் | ஞாயிறு, இரவு 8:20

ஹஹஹா. வா தம்பி, எங்க சங்கத்துல சேந்துட்ட. அது கால்சியம் லாக்டேட் படிகம். சாதா சூட்டுல 100 மில்லி தண்ணியில ஏழெட்டு கிராம்தான் கரையும், உன் 95 கிராம் ஆசிட்டுக்கு உப்பு 115 கிராம், சூடா இருக்கறவரைக்கும் பேசாம இருந்துச்சு, ஆறினதும் உக்காந்துருச்சு.

எங்க பிளான்ட்ல ஒரு போகி அன்னைக்கு நடந்தது சொல்றேன். டேங்க் முடிஞ்சு பில்டருக்கு அனுப்பணும், ஷிப்ட் ஆளு பொங்கலுக்கு ஊருக்குப் போற அவசரத்துல பம்ப ஆப் பண்ணிட்டு லைனுக்கு ஸ்டீம் ட்ரேசிங் (பைப்ப சூடா வெக்கற நீராவி) போட மறந்துட்டான். மூணு நாள் லீவு முடிஞ்சு வந்தா முப்பது மீட்டர் பைப்பும் சாக்பீஸ். நானும் ரெண்டு பசங்களும் பைப்ப பிளாஞ்ச் பிளாஞ்சா கழட்டி ஸ்டீம் ஹோஸ் விட்டு கரைச்சோம், சக்கரைப் பொங்கல் சாப்பிட்ட வாயோட கால்சியம் லாக்டேட் புகைய குடிச்சோம். அதுல இருந்து எனக்கு பம்ப் சத்தம் நின்னா தூக்கம் கலைஞ்சிரும், ரிட்டையர் ஆனப்பறம் கூட.

அத 70 டிகிரிக்கு சூடு பண்ணு, கரைஞ்சிரும். சூட்டோடவே வேட்டித் துணியில வடி, நார் போயிரும்.


நாட்டுமாடு_நாமக்கல் | திங்கள், காலை 6:10

எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு கேக்கறேன் தம்பி கோவிச்சுக்காத, திப்பிய கழிவுன்னு யார் சொன்னது? காய்ஞ்ச திப்பிய மாட்டுத் தீவனக்காரங்க லோடு லோடா எடுக்கறாங்க, நானே வாங்கறேன். மழைக் காலத்துல காயாத திப்பிதான் உங்களுக்கு தலைவலி. அதுக்கு என்னத்துக்கு சல்பூரிக், எவாபரேட்டர்னு போயிட்டு? ஊறுகாய்ப்புல் போடற மாதிரி போட்டு வை. மக்காச்சோளத் தட்டைய பொடிசா வெட்டி ஈரத் திப்பியோட கலந்து, கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது, அந்தப் பதத்துல டிரம்லயோ குழியிலயோ காத்து இல்லாம மிதிச்சு மூடிரு. உள்ள நடக்கறதும் உங்க லாக்டிக் வேலைதான், ஆசிட் ஏறி பிஹெச் 4 கிட்ட போனதும் மத்த கிருமி எல்லாம் அடங்கிரும், மாசக்கணக்கா கெடாது. பிரிச்சு எடுக்கவே வேணாம், மாடு அப்படியே தின்னும்.

ஆனா அளவு பாக்கணும். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு பாசத்துல குண்டான் குண்டானா பொங்கல ஊட்டிட்டு மறுநாள் டாக்டர தேடி ஓடறோம்ல, அந்த நோவும் இந்த லாக்டிக்தான். மாவுச்சத்து அளவுக்கு மீறி போனா வயித்துக்குள்ளயே இந்த ஆசிட் சுரந்து அசை போடறது நின்னு மாடு படுத்துரும், ஆப்பசோடா குடுத்து எழுப்பணும். அதனால தட்டை நிறைய, திப்பி கம்மி, புண்ணாக்கு தனியா.


சும்மாகேள்வி | திங்கள், காலை 8:00

இதுதான் இந்த இழையில உருப்படியான பதிவு.


லேப்அக்கா | திங்கள், மதியம் 12:30

எனக்கும் நாமக்கல் அண்ணன் சொன்னது பிடிச்சிருக்கு. ஆனா தம்பி, ப்ராஜெக்ட்ட விட்டுராத. திருவனந்தபுரம் என்ஐஐஎஸ்டி ஆராய்ச்சி நிலையத்துல 2000களோட நடுவுலயே மரவள்ளித் திப்பிய வெச்சு லாக்டிக் பண்ணி பேப்பர் போட்டிருக்காங்க, ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்துல அமைலோபிலஸ்னு ஒரு லாக்டோபேசில்லஸ வெச்சு வேலை பண்ணாங்க, அது ஸ்டார்ச்ச நேரா தின்னும், தனியா என்சைம் வேணாம். உனக்கு காசு போறது குளுக்கோஅமைலேஸ்ல தானே, அது மிச்சம். வைவால கேப்பாங்க, தேடிப் படிச்சுக்கோ.


காவிரிகடைமடை | திங்கள், மதியம் 12:52

அப்ப வைக்கோலுக்கு ஒரு வழியும் இல்லையா 😔


நாட்டுமாடு_நாமக்கல் | திங்கள், மதியம் 1:15

கட்டு என்ன விலைங்க, லாரி அனுப்பறேன்.


திப்பித்தம்பி | அஞ்சு வாரம் கழிச்சு, சனி, இரவு 10:05

மன்னிக்கணும், பரீட்சை, அதான் வரல. ரெண்டும் பண்ணுனேன்.

மாடு கதை முதல்ல. 200 லிட்டர் நீல டிரம் ரெண்டு, மழை நாள் திப்பியும் பக்கத்துத் தோட்டத்து சோளத்தட்டையும். நானும் எங்க ஆளு ஒருத்தரும் உள்ள இறங்கி மிதிச்சோம், மூடிக்கு மேல கிழங்கு மூட்டைய தூக்கி வெச்சாச்சு. 25 நாள் கழிச்சு திறந்தா மேல நாலு விரல் உசரத்துக்கு பூஞ்சை, அத வழிச்சு எறிஞ்சிட்டு பாத்தா கீழ மஞ்சப்பச்சையா, மாங்கா ஊறுகா ஜாடி திறந்த மாதிரி வாசனை. பிஹெச் 4.1. ஒரு டிரம் ஓரத்துல ஓட்டை இருந்திருக்கு, அது நாறிப்போச்சு, அத குப்பைக்குழியில கொட்டிட்டோம். அம்மா முதல் நாள் ஒரு கை மட்டும் வெச்சாங்க, மாடு மோந்துட்டு மூஞ்சிய திருப்பிக்குச்சு. மூணாவது நாள் தொட்டிய நக்குது.

அடுத்தது அந்தக் கட்டி. சூடு பண்ணி, வேட்டியில வடிச்சு, ஆறவிட்டு, வந்த படிகத்த திரும்ப சூடு தண்ணியில கரைச்சு இன்னொரு தடவை ஆறவிட்டேன். பழுப்பு பாதி போயிருச்சு, முழுசா வெள்ளையாகல. 60 கிராம் சொச்சம், ஊறுகா பாட்டில்ல போட்டு டேபிள் மேல வெச்சிருந்தேன். எங்கப்பா எடுத்து வெளிச்சத்துல ஆட்டி பாத்துட்டு, "ஏன்டா, இது எத்தன பாயிண்ட்டு?"ன்னார். தெரியாதவங்களுக்கு, எங்க ஊர்ல கிழங்க எடைக்கு மட்டும் வாங்க மாட்டாங்க, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட்டுன்னு பாத்து அத வெச்சுத்தான் டன் விலை. நான் 95 பாயிண்ட்டு இருக்கும்ப்பான்னேன். அப்படியே பாட்டில வெச்சிட்டு, "அப்ப அந்த டிரம்ம இன்னும் இருபது வாங்கு"ன்னுட்டு போயிட்டார். எந்தக் கணக்குல சொன்னார்னு எனக்கு இன்னும் புரியல.

அக்கா, இந்த மிச்ச பழுப்ப எடுக்க கரித்தூள் எவ்வளவு போடறது?


லேப்அக்கா | சனி, இரவு 10:31

கரைசல் எடையில 1 சதவீதத்துல ஆரம்பி, ஆக்டிவேட்டட் கரிதான், அடுப்புக்கரி இடிச்சுப் போட்டுராத. 70 டிகிரியில அரை மணி நேரம் கலக்கிட்டு சூட்டோட சூட்டா வடி, புனலையும் வெந்நியில சூடு பண்ணிக்கோ. ஆறினா புனல்லயே கட்டிக்கும், அது உனக்கே தெரியும்.